கூட்டியது என்ன, கழித்தது என்ன: ஆக்கிரமிப்புக் கால அதிகாரிகளை வாசிக்கும் முறை

டச்சு மொழியில் 'போர்க்கால மேயர்' என்றொரு வழக்குச்சொல் இருக்கிறது. பிடிக்காத உத்தரவுகளை நிறைவேற்றிக்கொண்டே, "நான் எழுந்து போனால் என்னைவிட மோசமானவன் வந்து உட்காருவான்" என்று சொல்லி நாற்காலியில் தங்கிவிடுகிறவரை இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1940 முதல் 1945 வரை நீடித்த ஜெர்மன் ஆக்கிரமிப்பு விட்டுப்போன சொல் அது. பாராட்டா, வசையா என்பது சொல்கிறவரின் குரலைப் பொறுத்தது. அப்படி நடுவில் தொங்கும் சொல்லாக அது ஆனதில் வரலாற்றாசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940 மே 10 அன்று ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. 13ஆம் தேதி அரசி வில்ஹெல்மினாவும், அவரையடுத்து அமைச்சர்களும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். அரசு அலுவலகங்கள் இருந்த ஹேக் நகரில் மிஞ்சியவர்கள் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஒருவராக இருந்த பொதுச் செயலாளர்கள். நம் தலைமைச் செயலகத்தின் துறைச் செயலாளர்களைப் போன்றவர்கள். மே 29 அன்று ஹிட்லரின் ஆணையராக ஆர்தர் செய்ஸ்-இன்க்வார்ட் பதவியேற்றார். மேலே அவர், கீழே மாநகராட்சிகள், காவல்துறை, பதிவேடுகள், இடையில் இந்தச் செயலாளர்கள். உத்தரவு மேலிருந்து வரும். அதை வேலையாக மாற்றும் இடம் அவர்களுடைய மேசை.

அவர்கள் கையில் ஒரே ஒரு வழிகாட்டிதான் இருந்தது. எதிரி உள்ளே வந்தால் அதிகாரி எப்படி நடக்க வேண்டும் என்று 1937இல் அரசு எழுதிவைத்த அறிவுறுத்தல்கள். மக்களின் நலனுக்காகப் பணியில் இரு. நீ இருப்பதால் மக்களைவிட எதிரிக்கு அதிக நன்மை என்ற நிலை வந்தால் விலகு. சாரம் இவ்வளவுதான். தராசைக் கொடுத்தார்கள், படிக்கல்லைக் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு அது இரகசிய ஆவணம், பல அதிகாரிகள் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. அதற்கான விளக்கக் குறிப்பு தலைமறைவாகச் சுற்றுக்கு வந்தது 1943இல். அதற்குள் யூதர்களை ஏற்றிச் சென்ற ரயில்கள் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

போருக்குப் பின் இந்த அதிகாரிகளின் பெயர்களை எடைபோட்டவர்கள் மூன்று தரப்பினர். முதலில் களையெடுப்புக் குழுக்கள், எதிரியோடு ஒத்துழைத்தவர்களைப் பணியிலிருந்து நீக்க அமைந்தவை. அடுத்து, 1947இல் அமைந்த நாடாளுமன்ற விசாரணைக் குழு. மூன்றாவது, விடுதலையான மூன்றாம் நாளே, 1945 மே 8 அன்று தொடங்கிய போர் ஆவண நிறுவனம். அதன் தலைவர் லூ டி யோங். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு அரசின் வானொலியான ரேடியோ ஒரான்யேயில் வேலை பார்த்தவர். 1960களின் தொடக்கத்தில் அவர் தொலைக்காட்சியில் சொன்ன தொடரும், 1969 முதல் பல தொகுதிகளாக எழுதிய பெருவரலாறும் ஒரு நாட்டின் நினைவையே வார்த்தன. 'சரியானவர்', 'தவறானவர்' என்ற இரண்டு டப்பாக்கள் அப்போதுதான் கெட்டிப்பட்டன. ஹான்ஸ் பிளோம் 1983இல் தன் பேராசிரியர் பதவியேற்பு உரையில், இந்த இரண்டின் மயக்கத்திலிருந்து ஆய்வு வெளியே வர வேண்டும் என்று கேட்டார். 2001க்குப் பிறகு 'சாம்பல் நிறக் கடந்தகாலம்' என்ற பேச்சு பரவியது, எல்லாரும் கொஞ்சம் சாம்பல்தான் என்று.

எனக்கு இரண்டுமே போதவில்லை. இரண்டு டப்பாக்கள் மனிதரை விழுங்குகின்றன, சாம்பல் செயலை விழுங்குகிறது. கோப்பை வாசிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி இவற்றைவிடச் சின்னது: வந்த உத்தரவுக்கும் வெளியே போன வேலைக்கும் நடுவில் இந்த அதிகாரி எதைக் கூட்டினார், எதைக் கழித்தார்? இதை ஒரு தாளில் வரைந்துகொண்டே வாசிக்கலாம். நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்த நான்கு பத்தி போதும். முதல் பத்தியில் தேதி. இரண்டாவதில் ஜெர்மன் தரப்பு கேட்டது, அதன் சொற்களிலேயே. மூன்றாவதில் அதிகாரி அனுப்பியது. நான்காவதில், அந்தத் தேதியில் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது. இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருடைய பங்கு. மற்றதெல்லாம் காலத்தின் பங்கு.

இந்த அளவுகோலுக்கு மிகத் தெளிவாக விடை சொல்கிற கோப்பு யாக்கோபுஸ் லென்ட்ஸ் என்பவருடையது. பொதுச் செயலாளர்கூட இல்லை, மக்கள் பதிவேடுகளை மேற்பார்வையிடும் தேசிய அலுவலகத்தின் தலைவர். போருக்கு முன்பே நாடு முழுவதும் ஆளுக்கொரு அட்டை என்ற பதிவு முறையைச் செம்மைப்படுத்தி, அரச விருதும் பெற்றவர். எல்லாக் குடிமக்களுக்கும் அடையாள அட்டை வேண்டும் என்று அவர் போட்ட திட்டத்தை 1940இன் தொடக்கத்தில் டச்சு அரசே நிராகரித்தது. குடிமகன் ஒவ்வொருவரையும் குற்றவாளி என்று சந்தேகிப்பது நம் மரபில்லை என்பது காரணம். சில மாதங்களில் புதிய எசமானர்கள் வந்தார்கள், மேசை டிராயரில் இருந்த திட்டம் வெளியே வந்தது.

அந்த அட்டையைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். நீர்க்குறியிட்ட தனிக் காகிதம். புகைப்படம். கைரேகை ஓரிடத்தில் இல்லை, அட்டையிலும் உண்டு, புகைப்படத்தின் பின்புறமும் உண்டு. புகைப்படத்தின் மேல் ஒளி ஊடுருவும் முத்திரைத்தாள். படத்தைப் பிரிக்கப் பார்த்தால் முத்திரை சிதைந்து காட்டிக்கொடுத்துவிடும். அச்சு மையோ குவார்ட்ஸ் விளக்கொளியில் வேறு மாதிரி தெரியும், கள்ள அட்டை அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஜெர்மானியர்களின் சொந்த அடையாள அட்டையைவிட இது உயர்ந்தது என்று பெர்லின் நிபுணர்களே ஒப்புக்கொண்டார்கள். இதற்கெல்லாம் மேல் ஒன்று: அட்டையை வாங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ரசீதிலும் படம், கைரேகை, கையெழுத்து. ரசீதுகள் அத்தனையும் ஹேக் நகரின் கிளெய்காம்ப் மாளிகையில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அட்டையைத் தத்ரூபமாகப் போலி செய்தாலும் ரசீதைப் போலி செய்ய முடியாது. ஓர் ஆள் உண்மையா என்று ஹேக்கில் ஒப்பிட்டுப் பார்த்தால் முடிந்தது கதை. யூதர்களின் அட்டையில் கறுப்பு மையில் பெரிய 'ஜே' எழுத்து.

தலைமறைவு இயக்கத்துக்கு அந்த ரசீதுகள் எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு ஒரே சான்று போதும். 1944 ஏப்ரல் 11 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 6 மொஸ்கிட்டோ விமானங்கள் தாழப் பறந்து கிளெய்காம்ப் மாளிகையைக் குண்டுவீசி அழித்தன. கேட்டது டச்சு எதிர்ப்பு இயக்கமே. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த டச்சு எழுத்தர்கள் ஏறக்குறைய 60 பேர் இறந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1943 மார்ச் 27 இரவு, ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குள் காவலர் உடையில் புகுந்து தீவைத்த குழுவில் ஓவியர் வில்லெம் அரொன்டேயுஸ் இருந்தார். அவர் உட்பட 12 பேர் அந்த ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒரு அதிகாரியின் நேர்த்தியை அழிக்க இத்தனை உயிர்.

லென்ட்ஸ் நாஜிக் கட்சிக்காரர் இல்லை. இதைப் படித்ததும் பல வாசகர்கள் அவர்மேல் கொஞ்சம் இளகுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கட்சி உறுப்பினர் அட்டையை முதலில் தேடும் பழக்கம் களையெடுப்புக் குழுக்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு விரைவில் தீர்க்க வேண்டிய ஆயிரக்கணக்கான வழக்குகள், உறுப்பினர் அட்டை என்றால் எளிய சான்று. ஆனால் ஆக்கிரமிப்பை ஓட வைத்தவர்களில் பெரும்பாலோரிடம் அந்த அட்டை இல்லை. தொழில் மேல் பற்று இருந்தது. போருக்குப் பின் லென்ட்ஸுக்குக் கிடைத்த தண்டனை 3 ஆண்டு சிறை. நாற்பத்தி நான்கிலேயே தன் பணிக்கால நினைவுகளை எழுதி வைத்தார். அதையும் வாசிக்க வேண்டும், ஆனால் கடைசியில்.

இதே வகையில் இன்னொரு தாள், ஆம்ஸ்டர்டாமின் புள்ளி வரைபடம். 1941 மே மாதத்தில் மாநகராட்சியின் புள்ளியியல் அலுவலகம் தயாரித்தது. நகரத்தின் தெருக்கள், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 10 யூதர். கிழக்குப் பக்கம் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகவே தெரியும். வரைந்தவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர், நகரத்தின் சம்பளக்காரர்கள். இதற்கு வேண்டிய எண்கள் எங்கிருந்து வந்தன? 1941 ஜனவரி 10 தேதியிட்ட ஆணையின்படி யூதர்கள் தாங்களே போய்ப் பதிந்துகொண்டதிலிருந்து. கலப்புக் குடும்பத்தாரையும் சேர்த்துப் பதிவானவர்கள் 1,60,000 பேர். முழு யூதர் என்று கணக்கிடப்பட்ட 1,40,000 பேரில் 1,00,000க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவிலேயே மிக மோசமான விகிதம்.

இப்போது நான்காம் பத்திக்கு வருவோம். 1941 மேயில் அந்த எழுத்தர்களுக்கு என்ன தெரியும்? நாடுகடத்துமுன் யூதர்களை அடைத்துவைத்த வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1942 ஜூலையில். ஔஷ்விட்ஸ் என்ற கொலை முகாமின் பெயரை வைத்துக்கொண்டு 1941இன் புள்ளியைப் படித்தால் அது காலப்பிழை. வரலாறு எழுதுவோர் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பலர் இங்கேயே நின்று, "அவர்களுக்குத் தெரியாது" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அதுவும் சறுக்கல். அதே தேதியில் வேறு யாருக்கு என்ன தெரிந்தது என்று பக்கத்து மேசையைப் பார்க்க வேண்டும். 1940 அக்டோபரில் அரசு ஊழியர் எல்லாருக்கும் ஒரு படிவம் வந்தது. 'ஏ' படிவம் யூதர் அல்லாதவருக்கு, 'பி' படிவம் யூதருக்கு. நிரப்பிக் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் மிகச் சிலர். உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுடைய தலைவரே லோடெவைக் விஸ்ஸர் என்ற யூதர். அடுத்த மாதமே அவர் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார், தோழர்களிடமிருந்து பொதுவெளியில் ஒரு சொல் வரவில்லை. அதே நவம்பர் 26 அன்று லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ருடோல்ஃப் கிளெவரிங்கா, நீக்கப்பட்ட தன் யூத ஆசான் மெயர்ஸுக்காக எழுந்து நின்று பேசினார். மறுநாளே கைதானார். ஆக, 1940 நவம்பரில் ரயில் தெரியாது, அநியாயம் தெரியும். இந்த இரண்டையும் பிரித்து எழுதுகிற வரலாற்றாசிரியரைத்தான் நான் நம்புவேன்.

கழித்தவர்கள் பக்கம் வந்தால் விஷயம் சிக்கலாகிறது. உள்துறைப் பொதுச் செயலாளர் கரெல் ஃப்ரெடெரிக்ஸ், சில யூதர்களைத் தனிப் பட்டியலில் சேர்த்து நாடுகடத்தலிலிருந்து விலக்கு வாங்கினார். அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்னெவெல்ட் ஊரின் டி ஸ்காஃபெலார் மாளிகையில் தங்கவைக்கப்பட்டார்கள். பின்னர் அவர்களும் வெஸ்டர்போர்க்குக்கும் அங்கிருந்து தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டாலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஃப்ரெடெரிக்ஸ் போர் முடிந்த 1945லேயே, உடைப்பை மறித்து நின்றவன் என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு தன்விளக்கப் புத்தகம் எழுதிவிட்டார்.

அந்தப் பட்டியலை எப்படி வாசிப்பது? மூன்றாம் பத்தியில் அறுநூறு பேரைக் கழித்திருக்கிறார், உண்மை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். அதே தாளில் இன்னொரு வரியும் வேண்டும். பட்டியலில் யார்? பேராசிரியர்கள், மருத்துவர்கள், தொழிலதிபர்கள், அவர்கள் குடும்பங்கள். நாட்டுக்குத் 'தகுதியானவர்கள்'. ஆம்ஸ்டர்டாமின் தள்ளுவண்டிக்காரரும் வைரம் பட்டைதீட்டும் தொழிலாளியும் அதில் இல்லை. ஒருவருக்கு விலக்கு கேட்டுக் கையெழுத்துப் போடும்போது, மற்றவர்களுக்கான விதியை ஒப்புக்கொண்டுதான் போட வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் அவர் பொறுப்பின் கீழ் இருந்த மாநகராட்சிகளும் பதிவேடுகளும் தொடர்ந்து ஓடின. காப்பாற்றிய எண்ணிக்கையை மட்டும் போட்டவர்கள் அவரைக் கேடயமாக்கினார்கள், ஓடிய இயந்திரத்தை மட்டும் பார்த்தவர்கள் கையாளாக்கினார்கள்.

விலகுவதே சுத்தமான வழி என்று தோன்றும். மத்திய வங்கியின் தலைவர் லியோனார்டஸ் ட்ரிப் அதைத்தான் செய்தார். ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் இடையே பணம் தடையின்றிப் பாயாமல் காத்த நாணயத் தடுப்பை நீக்கச் சொன்னபோது, 1941 மார்ச்சில் பதவி விலகினார். அவருடைய பெயர் வரலாற்றில் சுத்தமாக நிற்கிறது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் நாஜிக் கட்சியின் ரோஸ்ட் ஃபான் டோனிங்கன், தடுப்பு நீங்கியது, நாட்டின் செல்வம் மார்க் நோட்டுகளுக்கு ஈடாகக் கிழக்கே போனது. இதற்கு ட்ரிப்பைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விலகியவரின் நற்பெயரை அவருடைய கோப்பே காக்கும், விலகலின் விலை வேறொருவர் கோப்பில் பதிவாகும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால்தான் கணக்கு நேராகும்.

தங்கியவர்களில் பெரியவர் ஹான்ஸ் மாக்ஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். வணிகம், வேளாண்மை இரண்டு அமைச்சகங்களும் அவர் கையில். ஜெர்மானிய யூதரின் மகன், இருந்தும் ஆக்கிரமிப்பாளர்கள் அவரை விடவில்லை, அந்த அளவுக்கு வேண்டியவர். டச்சுத் தொழிற்சாலைகள் ஜெர்மன் ஆர்டர்களை ஏற்று ஓடியது அவர் மேற்பார்வையில். அதே மேற்பார்வையில்தான் உணவுத் துறைத் தலைவர் ஸ்டெஃபன் லௌவெஸ் நடத்திய பங்கீடும் ஓடியது, கூப்பன்கள் நான்கு ஆண்டு மக்களைப் பட்டினியில்லாமல் வைத்தன. 1944 செப்டம்பரில் லண்டன் அரசு சொல்லி ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுத்தத்தைக் கைவிடச் சொன்னவர் ஹிர்ஷ்ஃபெல்ட். ஜெர்மானியர்கள் பதிலடியாக மேற்குப் பகுதிக்கான உணவுப் போக்குவரத்தைத் தடுத்தார்கள், தடை விலகிய பின் கால்வாய்கள் உறைந்தன. அந்தக் குளிர்காலத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். வேலைநிறுத்தத்தை வீரம் என்று மட்டும் எழுதினால் ஹிர்ஷ்ஃபெல்ட் துரோகி, உணவுக் கணக்கை மட்டும் எழுதினால் தீர்க்கதரிசி. போருக்குப் பின் பழைய நாற்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, ஆனால் அமெரிக்காவின் மார்ஷல் உதவித் திட்டத்துக்கான அரசு ஆணையரானார், 1950இல் இந்தோனேசியாவுக்கு உயர் ஆணையராகப் போனார். அவருடைய நினைவுக்குறிப்பு வந்தது 1960இல், களையெடுப்பெல்லாம் ஓய்ந்த பிறகு. ஃப்ரெடெரிக்ஸின் 1945 புத்தகத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எழுதிய ஆண்டு எவ்வளவு பேசுகிறது என்று புரியும். முன்னது குற்றவாளிக் கூண்டை நினைத்து எழுதியது, பின்னது வரலாற்றை நினைத்து எழுதியது.

அதனால்தான் நினைவுக்குறிப்பைக் கடைசியில் படிக்கச் சொல்கிறேன். முதலில் படித்தால் அதன் வரிசையே உங்கள் வரிசையாகிவிடும். விசாரணைக் குழு முன் சொன்ன சாட்சியம் அதற்கு முந்தைய படி. அங்கேயும் பதிலைவிடக் கேள்வியைக் கவனியுங்கள், கேட்டவர் லண்டனில் இருந்தவரா ஹேக்கில் இருந்தவரா என்று பாருங்கள். முதலில் எடுக்க வேண்டியது வரைவு. அமைச்சகக் கோப்பில் வரைவும் திருத்தி முடித்த செம்படியும் தனித்தனியாக இருக்கும். வரைவில் அடித்துத் திருத்தியது எது, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டவர் யார், எந்தத் தேதியில். உத்தரவின் ஜெர்மன் மூலத்தோடு டச்சுச் சுற்றறிக்கையை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். "முடிந்தவரை விரைவில்" என்று மூலம் சொன்னதை "உடனடியாக" என்று மாற்றியிருந்தால் அந்த ஒரு சொல்லில் ஆள் தெரிந்துவிடுவார். எதிர்ப்புக் கடிதம் கிடைத்தால் உடனே மகிழ வேண்டாம், அனுப்பப்பட்டதா என்று பெறுநர் பக்கக் கோப்பில் தேடுங்கள். கோப்பிலேயே தங்கிவிட்ட கடிதம் பிற்காலத்துக்கான காப்பீடாக இருக்கலாம். 1944 செப்டம்பரில் நேசப்படை வந்துவிட்டது என்ற பீதியில் நிறையக் காகிதம் எரிந்தது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். தாள் இல்லாததே குற்றமின்மைக்குச் சான்றாகாது.

பிரான்ஸில் இந்த வேலை வேறு பக்கத்திலிருந்து நடந்தது. தேசிய ஆவணங்கள் பூட்டியிருந்ததால் அமெரிக்கரான ராபர்ட் பாக்ஸ்டன் ஜெர்மன் ஆவணங்களை வைத்து எழுதினார், 1972இல். ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசு மக்களுக்குக் கேடயமாக இருந்தது என்ற கதை அதில் உடைந்தது. கேட்பதற்கு முன்பே கொடுத்தது தெரிந்தது. ஜிரோந்த் மாவட்ட ஆட்சி அலுவலகத்தில் பொதுச் செயலாளராக இருந்த மோரிஸ் பாப்போன், யூதர்களை நாடுகடத்த உதவியதற்காக 1998இல் 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவருக்கு எதிரான தாள்களை 1981இல் கண்டெடுத்த ஆய்வாளரே வழக்கில் தற்காப்புத் தரப்புக்காகச் சாட்சி சொன்னார். தாள் ஒன்றுதான், அதைச் சுற்றியிருந்த கோப்பை அவர் முழுக்கப் படித்து முடித்தபோது கருத்து மாறியிருந்தது.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு டி யோங்கே உதாரணம். 1978 நவம்பரில் நேரலைச் செய்தியாளர் கூட்டத்தில், கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றத் தலைவர் வில்லெம் ஆன்ட்யெஸ் போர்க்காலத்தில் நாஜிகளின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்தார் என்று அறிவித்தார். மறுநாள் ஆன்ட்யெஸ் பதவி விலகினார். வாஃபன் எஸ்.எஸ். என்ற பகுதி தவறு. கட்டாய வேலையிலிருந்து ஊர் திரும்ப வழிதேடி அவர் சேர்ந்தது வேறொரு எஸ்.எஸ். அமைப்பு. திருத்தம் வந்தது, பதவி வரவில்லை.

2025 ஜனவரியிலிருந்து இது வாசகர்களின் வேலையும் ஆகிவிட்டது. போருக்குப் பிந்தைய சிறப்பு நீதிமன்றங்களின் மைய ஆவணத்தில் உள்ள ஏறக்குறைய 4,25,000 பேரின் பெயர்ப் பட்டியல் இணையத்துக்கு வந்துவிட்டது. கோப்பைப் பார்க்க ஹேக் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும், பெயரைப் பார்க்க ஒரு தேடல் போதும். அந்தப் பட்டியலில் தண்டனை பெற்றவரும் உண்டு, அண்டைவீட்டுக்காரர் எழுதிய மொட்டைக் கடிதத்தால் விசாரிக்கப்பட்டு விடுபட்டவரும் உண்டு. கோப்பு கையில் வந்தால் புகார் மனுவைத் தாண்டிப் பின்பக்கம் போங்கள். வழக்கு எந்தத் தேதியில், யார் கையெழுத்தில், என்ன காரணம் சொல்லி முடிக்கப்பட்டது என்ற ஒற்றைத் தாள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.